நின்றால் இருட்டாகும் படிக்கட்டு

இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் மழையைப் பற்றியும், பூசணிக்காய் அளவுக்கு வளர்ந்த கத்தரிக்காயைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன். “அக்கா இப்ப நல்ல குளிர்ச்சியா எழுதுறா” என்று ஒரு வாசகி மின்னஞ்சல் போட்டிருந்தார்.

குளிர்ச்சியா? எரிந்துகொண்டிருந்தேன் அம்மா! விஷயம் முடியட்டும், பிறகு எழுதலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இப்போது முடிந்துவிட்டது. அதாவது, முடிந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. வேலை முடிந்து கோலியர்ஸ் வுட் ஸ்டேஷனில் இறங்கி, வீட்டுக்கு நடந்து வந்து, எங்கள் கட்டடத்தின் முன்கதவைத் திறக்கிறேன். மாலை நாலரைதான். ஆனால் டிசம்பரில் லண்டனின் நாலரையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? வெளியே கும்மிருட்டு.

நான் உள்ளே வந்ததும் படிக்கட்டு விளக்குகள் வழக்கம்போல மெல்ல மெல்லப் பிரகாசமாகின. கூடவே மேலேயிருந்து ஒரு குரல்.

“ஆர்... ஆரும் வந்திருக்கிறியளே?”

பையைப் போட்டுவிட்டு ஓடினேன். முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் படி திரும்புகிற ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கே அருளப்பு அண்ணை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையை வலது கையால் ஏந்திப் பிடித்திருந்தார். மணிக்கட்டு இருக்கவேண்டிய விதத்தில் இல்லை. அவருடைய பால் போத்தல் உடைந்து, பால் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“என்னண்ணை நடந்தது?”

“ஒண்டுமில்லை தங்கச்சி. மூச்சு வாங்கக் கொஞ்சம் நிண்டனான். லைட் மங்கிப் போச்சு. பிறகு காலை எங்க வைச்சனெண்டு தெரியேல்ல.”

“எவ்வளவு நேரமா இப்பிடி இருக்கிறியள்?”

“தெரியேல்ல. கையை ஆட்டினன். கூப்பிட்டன். லைட்டும் வரேல்ல, ஆக்களும் வரேல்ல.”

இடுப்பு உயரத்தில், உட்கார்ந்தபடி எட்டாத கைப்பிடிக் கம்பியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பால் படியெல்லாம் ஊத்திப்போட்டன். ஆரும் வழுக்கப் போகினம், முதல்ல அதைத் துடைக்கவேணும்” என்றார்.

அவர் அப்படித்தான்.

அருளப்பு அண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மன்னார்க்காரர். எழுபத்தாறு வயது. இந்த நகரத்தில் இருபது வருடத்துக்கு மேல் பஸ் ஓட்டியவர். மனைவி போய் நாலு வருடம். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார். ஒரு முழங்கால் மாற்றியாயிற்று. மற்ற முழங்கால் ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஆனாலும் தினமும் இறங்கிக் கடைக்குப் போவார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவார். ஏறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சு வாங்கி, பிறகுதான் அடுத்த படி. “ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் நிக்கத்தானே வேணும்?” என்பார், தாண்டிப் போகிறவர்களிடம்.

அவர் நிற்பதுதான் பிரச்சினையாகப் போயிற்று.

எங்கள் படிக்கட்டில் முன்பு பழைய ட்யூப் லைட்டுகள் இருந்தன. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரவும் பகலும், ஙொய் என்று ஒரு சத்தத்தோடு எரியும். போன சித்திரையில் அவற்றைக் கழற்றிவிட்டுத் தானியங்கி விளக்குகள் போட்டார்கள். கூரையில் ஒரு சின்ன வெள்ளைக் குமிழ் — சென்ஸர். அது ஆள் அசைவதைக் கண்டால் விளக்கைக் கூட்டும். அசைவு நின்றால் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்து, வெளிச்சத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மின்சாரம் மிச்சம், பூமிக்கு நல்லது, எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்த ஏற்பாடு வேண்டுமா என்று குடியிருப்போர் கூட்டத்தில் கேட்டபோது முதலில் கையை உயர்த்தியது யார் தெரியுமா?

நான்தான்.

அதோடு விட்டேனா? இதே பத்தியில், “எங்கள் கட்டடத்துக்கு அறிவு வந்துவிட்டது” என்று தலைப்புப் போட்டு எழுதினேன். ஞாபகம் இருக்கும் உங்களில் சிலருக்கு. பாராட்டி எழுதியவர்கள் இன்றோடு அந்தப் பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஆம்புலன்ஸ் வந்தது. வந்தவர்கள் தங்கமானவர்கள். “ஐயா, விழுவதற்கு முன் தலை சுற்றியதா? நெஞ்சு படபடத்ததா?” என்று கேட்டார்கள். படிக்கட்டு பளீரென்று வெளிச்சமாக இருந்தது. ஏன் இருக்காது? நாலு பேர் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறோமே! அந்த வெளிச்சத்தில் நின்றுகொண்டு, “இங்கே இருட்டாக இருந்தது” என்று யார் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

ஆஸ்பத்திரித் தாளில் எழுதினார்கள்: படிக்கட்டில் விழுந்தார். நடையில் தளர்ச்சி. தனியாக வசிக்கிறார்.

விளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவருடைய மகள் ஜெசிந்தா லண்டனின் மறு முனையில், ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறாள். ஓடி வந்தாள். அந்தத் தாளை என்னிடம் நீட்டினாள். “பாருங்கோ அக்கா. நடையில தளர்ச்சியாம். இனி அப்பாவைத் தனிய விடேலாது.” அன்றே அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்த கிழமை ஃபோனில் சொன்னாள் — கோலியர்ஸ் வுட் வீட்டை விற்கப் போகிறார்களாம். எஸ்டேட் ஏஜென்ட் வந்து படம் எடுக்க நாள் குறித்தாயிற்றாம்.

படிக்கட்டு விளக்கு தப்பு செய்தது. தண்டனை அருளப்பு அண்ணைக்கு. வீடு போகிறது.

அவர் விழுந்த மறுநாள் காலையிலேயே கட்டடத்தை நிர்வகிக்கும் கம்பெனிக்கு ஃபோன் போட்டிருந்தேன். எங்களுக்குப் பொறுப்பானவன் டேனியல். முப்பது வயது இருக்கும். எப்போதும் சந்தோஷமாகப் பேசுவான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். ஆளை அனுப்பிப் பார்க்கிறேன் என்றான். அனுப்பினான்.

வந்த டெக்னீஷியன் என் கண் முன்னால் படிக்கட்டில் ஏறினான், இறங்கினான், இன்னொரு தடவை ஏறினான். அவன் போகிற இடமெல்லாம் விளக்கு பூத்துச் சொரிந்தது. டேப்லட்டில் ஒரு பெட்டியில் சரி போட்டான். ரிப்போர்ட் வந்தது: கோளாறு எதுவும் இல்லை.

ஓடி ஓடிப் பார்த்தால் எப்படியப்பா கோளாறு தெரியும்? நின்று பார்க்கவேண்டும். நின்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

டேனியலோடு மறுபடி ஃபோன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், கோபத்தில் என் ஆங்கிலம் இன்னும் நன்றாக வரும்.

“சிஸ்டம் வடிவமைத்தபடிதான் வேலை செய்கிறது, மேடம்.”

“வடிவமைத்தவர் யாராவது எங்கள் படியில் ஏறிப் பார்த்திருக்கிறாரா?”

“அது... ஒரு ஸ்டாண்டர்டான டிசைன். அந்தப் பெரியவரின் வயதையும் நாம் கணக்கில் எடுக்கவேண்டும், இல்லையா?”

அந்த ‘இல்லையா’வில்தான் எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

நான் வேலை செய்வது ஒரு பல் டாக்டரின் ரிசப்ஷனில். அங்கேயும் ஊழியர் டாய்லெட்டில் இதே சென்ஸர் விளக்குதான். உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆனால் அணையும். உள்ளே இருந்தபடி டிராஃபிக் போலீஸ் மாதிரி இரண்டு கையையும் வீசவேண்டும். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். எட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது அதைத் திருத்தச் சொல்லவேண்டும் என்று தோன்றியதா? இல்லையே! கட்டடம் நம்மை ஆட்டி வைக்கிறது, நாமும் ஆடிவிட்டு வெளியே வருகிறோம்.

ஆடக்கூடிய உடம்பு இருக்கும்வரை அது பகிடி. இல்லாத நாளில்?

அந்தச் சனிக்கிழமை ரெய்னர்ஸ் லேனுக்குப் போனேன். ஜெசிந்தாவின் வீட்டில் மாடியில் ஒரு சின்ன அறை. பேரப்பிள்ளையின் பந்தும் புத்தகமும் ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தது. கட்டிலில் அருளப்பு அண்ணை மாவுக்கட்டுக் கையோடு உட்கார்ந்திருந்தார். ஷேவ் எடுத்திருக்கவில்லை. இந்த மனுசனை ஷேவ் இல்லாமல் நான் பார்த்ததே கிடையாது.

“எப்பிடியண்ணை இருக்கிறியள்?”

“நல்லாப் பாக்கினம் தங்கச்சி. குறை சொல்லேலாது.” ஜன்னலைப் பார்த்தார். “கோயிலுக்குப் போறதெண்டா மகள் காரில கொண்டுபோய் விடவேணும். அவளுக்கும் ஷிப்ட். நான் கேக்கிறேல்ல.”

நான் விளக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கம்பெனியோடு சண்டை போடுகிறேன், விடமாட்டேன் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“வேண்டாம் தங்கச்சி. என்ர காலிலதான் பிழை.”

“என்னண்ணை கதைக்கிறியள்? லைட் அணைஞ்சதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்!”

“சொன்னன்தான். ஆனா யோசிச்சுப் பாத்தன். அந்தக் கட்டடத்தில பன்னெண்டு வீடு. எல்லாருக்கும் லைட் எரியுது. எனக்கு மட்டும் அணைஞ்சா, பிழை ஆரில?”



அதுவரை எனக்கு இருந்தது வெறும் கோபம். அந்த நிமிடம் அது வேறு ஏதோ ஆயிற்று. ஒரு மெஷின் ஒரு மனுசனைத் தவறவிடுகிறது. தவறவிட்டதை மெஷின் ஒப்புக்கொள்ளவில்லை, சரி, அதற்கு வாய் இல்லை. கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. டாக்டரின் தாளில் இல்லை. கடைசியில், விழுந்தவரே “நான்தான் பிழை” என்று உட்கார்ந்திருக்கிறார்!

ஜெசிந்தா தேநீரோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கடுமையாகவே சொன்னாள்.

“அக்கா, நீங்கள் பேப்பரில எழுதுவீங்கள், நல்லது. ஆனா அஞ்சு மணிக்கு ஆம்புலன்ஸ்காரன் ஃபோன் எடுத்தது எனக்கு. ‘உங்கட அப்பா விழுந்திட்டார்’ எண்டு. நான் வேலைத்தலத்தில நடுங்கிக்கொண்டு நிண்டன். அது லைட்டோ காலோ, எனக்கு என்ன? இன்னொருக்கா அந்த ஃபோன் வரக்கூடாது. அவ்வளவுதான்.”

அவள் சொன்னதில் என்ன பிழை? ஒரு பிழையும் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் தேநீரைக் குடித்துவிட்டு வந்தேன்.

வரும்போதுதான் எங்கள் கட்டடத்துப் பெண் மதுமிதாவின் ஞாபகம் வந்தது. வந்ததும், கோபம் நேராக என் மேலேயே திரும்பியது.

மது தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கிறாள். கோயம்புத்தூர்ப் பெண். எஞ்சினியர். அவளுடைய வேலையே இதுதான் — பெரிய ஆஸ்பத்திரி, ஆபீஸ் என்று போய், அங்கே மாட்டிய தானியங்கி விளக்குகளைச் சரியாக ‘செட்’ பண்ணிக் கொடுப்பது. எங்கள் விளக்குகளை மாட்டிய புதிதில், மே மாதம், படிக்கட்டடியில் என்னை நிறுத்திச் சொன்னாள்:

“அக்கா, மாட்டிட்டு கமிஷனிங் பண்ணாமலே போயிட்டாங்க.”

“அப்பிடியெண்டா?”

“பெட்டிய பிரிச்சு மாட்டிட்டா வேல முடிஞ்சிடாதுக்கா. எவ்ளோ நேரம் எரியணும், எவ்ளோ மங்கலாகணும், யார் யார் நடக்கிறாங்க, எங்க நிப்பாங்க — எல்லாம் பார்த்து செட் பண்ணணும். நான் மெயில் போட்டிருக்கேன். நீங்களும் கொஞ்சம் சொல்லுங்க. நான் வாடகைக்கு இருக்கிறவ, என் பேச்சு எடுபடாது.”

“சொல்லிப் பாப்பம்” என்றேன்.

சொன்னேனா? இல்லை. ‘கட்டடத்துக்கு அறிவு வந்துவிட்டது’ என்று எழுதி முடித்த சூட்டில் இருந்தேன். விளக்கு எனக்கு எரிந்தது. அவ்வளவு போதும் என்றிருந்துவிட்டேன். மே மாதம் சொன்ன பெண்ணின் பேச்சை டிசம்பரில், ஒருவரின் கை முறிந்த பிறகு, ரயிலில் உட்கார்ந்து நினைக்கிறேன். இதைத்தான் உங்களிடம் இத்தனை நாள் எழுதக் கூச்சப்பட்டேன்.

அன்று மாலையே அவளுடைய கதவைத் தட்டினேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அங்கிள் எங்க நின்னாரு? காட்டுங்க.”

காட்டினேன். கூரையில் இருந்த குமிழைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

“நீங்க இங்கயே நில்லுங்கக்கா. அசையாதீங்க. நான் கீழ போயிடறேன்.”

நின்றேன். மனதுக்குள் எண்ணினேன். அறுபதுக்குப் பக்கத்தில் வரும்போது விளக்கு தணியத் தொடங்கியது. சட்டென்று இல்லை, நைஸாக. பிரகாசத்துக்குப் பழகிய கண் அந்த மங்கலில் ஒன்றையும் பிடிக்கவில்லை. சாம்பல் நிறப் படி, சாம்பல் நிறச் சுவர். எது விளிம்பு, எது நிழல்?

கையை ஆட்டினேன். ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் ஆட்டினேன். குதித்தேன்! ஒன்றும் இல்லை. எனக்கு ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் இரண்டும் என்னுடையவைதான். ஆனாலும் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவோ, ஒரு காலைத் தூக்கி வைக்கவோ எனக்குத் துணிவு வரவில்லை. அருளப்பு அண்ணை இங்கே, முறிந்த கையோடு, “ஆரும் வந்திருக்கிறியளே” என்று...

“மது!” என்று கத்தினேன். அவள் கீழே இரண்டு எட்டு வைத்தாள். வெளிச்சம் வந்தது.

“புரிஞ்சுதாக்கா?” மேலே வந்து விளக்கினாள். “சென்ஸர் ரெண்டு மாடியிலயும் வாசல் பக்கம்தான் இருக்கு. இந்தத் திருப்பத்த சுவர் மறைக்குது. இங்க நின்னா அதோட கண்ணுக்கு ஆளே இல்ல. இன்னும் நாலு படி ஏறினாத்தான் தெரியும். அதையும் இருட்டுலயே ஏறணும். அப்புறம் இந்த ஒரு நிமிஷம் இருக்கே, அது டெஸ்ட் பண்றதுக்காக வெக்கிறது. மாட்டினவங்க வேல செய்யுதான்னு பார்க்க சின்னதா வெச்சுப் பார்ப்பாங்க. பார்த்து முடிச்சதும் மாத்தணும். இவங்க மாத்தாம போயிட்டாங்க.”

“இதை மாத்த எவ்வளவு நேரம்?”

“ரிமோட் இருந்தா பத்து நிமிஷம். ஆனா நான் தொடக்கூடாது. தொட்டா வாரண்டி போச்சுன்னு என் மேலயே திரும்புவாங்க.”

பத்து நிமிடம்! எட்டு மாதமாக யாருக்கும் கிடைக்காத பத்து நிமிடம்.

டேனியலுக்கு ஃபோன் போட்டேன். நீ நேரில் வா என்றேன். காலை பத்து மணிக்கு வருகிறேன் என்றான். முடியாது, மாலை நாலரைக்கு வா என்றேன். ஏன் என்று கேட்டான். வா, தெரியும் என்றேன். வராவிட்டால் எங்கள் பன்னிரண்டு வீட்டுக்காரரும் அவனுடைய ஆபீஸுக்கு வருவோம் என்றும் சொன்னேன். பன்னிரண்டு பேரிடம் கேட்டுவிட்டா சொன்னேன்? சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.

வந்தான். நல்ல கோட், கூர்ச் சப்பாத்து, கையில் டேப்லட். நான் ஒரு பை கொடுத்தேன். உள்ளே பாலும் இரண்டு கிலோ உருளைக்கிழங்கும்.

“இதை இடது கையில் பிடி. இங்கே நில். அசையாதே.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு முழங்காலோடு மூச்சு வாங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறாயோ, அவ்வளவு நேரம்.”

நானும் மதுவும் கீழே போய்ச் சுவருக்குப் பின்னால் அசையாமல் நின்றோம். விளக்கு இறங்கியது. மேலே டேனியல் சிரிக்கிற சத்தம். “ஓகே, ஓகே, பார்த்துவிட்டேன்!” கை வீசுகிற சத்தம். இன்னொரு தடவை. சிரிப்பு நின்றது.

“ஹலோ?” என்றான்.

நாங்கள் பேசவில்லை.

ஒரு கால் எடுத்து வைத்தான் போலிருக்கிறது. சப்பாத்து படி விளிம்பில் தட்டியது. ஒரு தடால். கம்பி அதிர்ந்தது. உருளைக்கிழங்குகள் உருண்டு எங்கள் காலடிக்கு வந்தன. நாங்கள் ஓடினோம், வெளிச்சம் வந்தது. டேனியல் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிப்பிடித்தபடி நின்றான். முகம் சுண்ணாம்பு.

அவனைக் கேலி செய்யலாம் என்றுதான் நினைத்திருந்தேன். செய்யவில்லை. மூன்று பேரும் உருளைக்கிழங்கைப் பொறுக்கினோம்.

மது அவனுக்கு எல்லாம் சொன்னாள், எனக்குச் சொன்னதைவிடப் பொறுமையாக. அவன் அங்கேயே, அந்தத் திருப்பத்திலேயே நின்று, விளக்கு மாட்டிய கம்பெனிக்கு ஃபோன் எடுத்தான். அவன் குரலில் அன்றைக்கு அந்தச் சந்தோஷம் இல்லை.

அடுத்த கிழமை அதே டெக்னீஷியன் வந்தான், டி.வி. ரிமோட் மாதிரி ஒன்றோடு. மது பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அழுத்தினான். ஒரு நிமிடம் இருபது நிமிடமாயிற்று. ஆள் இல்லாதபோதும் பாதி வெளிச்சத்துக்குக் கீழே போகக்கூடாது என்று வைத்தார்கள். படி திரும்புகிற இடங்களில் புதிதாகச் சென்ஸர் மாட்ட இன்னும் பத்து நாள் எடுத்தது. மாட்டினார்கள்.

போகும்போது அந்த டெக்னீஷியனிடம் கேட்டேன். “இதை மாட்டிய அன்றைக்கே செய்திருக்கலாமா?”

“செய்திருக்கலாமே” என்றான், பெட்டியை மூடிக்கொண்டே. “யாரும் கேட்கவில்லை.”

மது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். நல்லவேளை.

யாரும் கேட்கவில்லையாம்! கேட்டாள் ஒருத்தி, மே மாதம், எழுத்தில். அவளுக்கு வந்த பதில், ‘உங்கள் கருத்துக்கு நன்றி.’ இருட்டில் உட்கார்ந்து ஒரு மனுசன் கேட்டார். அவருக்கு அந்தப் பதில்கூட வரவில்லை.

எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் கோபம் இல்லை. பழைய ட்யூப் லைட்டுக்குத் திரும்புவோம் என்று சொல்லவும் இல்லை. ஆளில்லாத படிக்கு எதற்கு முழு வெளிச்சம்? நல்ல ஏற்பாடுதான். கோபம் எல்லாம், ‘ஆள்’ என்றால் யார் என்று தீர்மானிப்பவர்கள் மேல். விடுவிடென்று ஏறுகிறவன் ஆள். நின்று மூச்சு வாங்குகிறவர் ஆள் இல்லை. இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு தீர்மானிக்கவில்லை. யாருமே உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

டேனியலிடம் ஒரு கடிதம் கேட்டேன். விழுந்த அன்று விளக்கு சரியாக அமைக்கப்பட்டிருக்கவில்லை என்று எழுதித் தா என்றேன். இழுத்தான். சட்டப் பிரிவு, மேலதிகாரி என்றான். உருளைக்கிழங்கை ஞாபகப்படுத்தினேன். மூன்று கிழமை கழித்து வந்தது. நாலே வரி. வருந்துகிறோம் என்ற சொல் மட்டும் இல்லை.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி ரெய்னர்ஸ் லேன். ஜெசிந்தா சமையலறையில் நின்றபடியே படித்தாள். இரண்டு தரம் படித்தாள். பிறகு மாடிக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“அப்பா, லைட் அணைஞ்சதெண்டு முதல் நாளே சொன்னீங்கள். நான் கேக்கேல்ல.”

“அதை விடு பிள்ளை.”

“ஏன் விடவேணும்? நீங்கள் சொன்னது சரி. எழுதியிருக்கு, பாருங்கோ.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மகளைப் பார்த்து, “ரேசர் எங்க வைச்சனீ?” என்று கேட்டார்.

எஸ்டேட் ஏஜென்டை ஜெசிந்தா வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்: தினமும் காலையிலும் மாலையிலும் ஃபோன். எடுக்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் அவள் வாசலில் நிற்பாள். ஓம் என்றார்.

மாவுக்கட்டைக் கழற்றிய பிறகு, போன சனிக்கிழமை அண்ணை வீட்டுக்கு வந்தார். நானும் மதுவும் கீழே காத்திருந்தோம். ஜெசிந்தா பெட்டியோடு பின்னால். அண்ணை கம்பியைப் பிடித்து ஏறத் தொடங்கினார். முதல் திருப்பம், முதலாம் மாடி, அடுத்த திருப்பம். அங்கே நிற்பார் என்று நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம்.

நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மேல் மூச்சு கீழ் மூச்சு வாங்க, அந்த இடத்தை விறுவிறுவென்று கடந்தார். மேலே வாசலுக்குப் போய்ச் சேர்ந்து கதவில் சாய்ந்தபோது முகம் வேர்த்து ஊற்றியது.

“அண்ணை, ஏன் இப்பிடி ஓடுறியள்? இனி லைட் அணையாது. நிண்டு ஆறுதலா வரலாம்.”

“தெரியும் தங்கச்சி,” என்றார். “எனக்குத் தெரியும். காலுக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரேல்ல.”

ஜெசிந்தா திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மது கீழே போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒரு விளக்கு இருக்கும். இன்று மாலை படியில் ஒரு இரண்டு நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். இருட்டினால், பொறுப்பானவருக்கு ஃபோன் போட்டு நன்றாகக் கத்துங்கள் — பணிவாகச் சொன்னால் என்ன நடக்கும் என்பதைத்தான் இவ்வளவு நேரமும் வாசித்தீர்கள்.